அமெரிக்க எலக்டிவ்: நாட்காட்டியைப் பின்னாலிருந்து புரட்டுங்கள்

கோரிமேடு, கதிர்காமம், காலாப்பட்டு, மதகடிப்பட்டு, பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம். புதுச்சேரியில் எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு மருத்துவக் கல்லூரி வாசலில் இறங்கிவிடலாம். தெற்கே கடலூரைத் தாண்டிப் போனால் அண்ணாமலைநகரில் ராஜா முத்தையா என்றிருந்து இன்று கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக ஆகியிருப்பது. இத்தனை விடுதிகளிலும் அமெரிக்க ரெசிடென்சி (அங்கே மேற்படிப்புப் பயிற்சி மருத்துவராகச் சேர்வது) ஆசை உள்ளவர்கள் மூன்றாம் ஆண்டு வாக்கில் கேட்பது ஒன்றுதான்: "எலக்டிவ் எங்கே பண்ணலாம்?" இந்தக் கேள்வி மூன்றாவதாக வரவேண்டியது. எப்போது போகிறோம் என்பது முதல் கேள்வி. போகிற அன்று காகிதத்தில் நாம் மாணவரா, பட்டதாரியா என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை தெரியாமல் ஆஸ்பத்திரிப் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தவர்கள்தான் கடைசியில் காசு கொடுத்து ஏதோ ஒரு கிளினிக்கில் ஓரமாக நின்றுவிட்டு வருகிறார்கள்.

எலக்டிவ் என்ற ஒரே பெயரில் மூன்று சரக்கு புழங்குகிறது. மாணவராக இருக்கும்போதே அமெரிக்க மருத்துவக் கல்லூரியின் போதனா மருத்துவமனையில், அவர்களுடைய இறுதியாண்டு மாணவரைப் போலவே நோயாளியிடம் விவரம் கேட்டு, பரிசோதித்து, குறிப்பெழுதி, ரவுண்ட்ஸில் கேஸ் சொல்வதுதான் எலக்டிவ். பட்டம் வாங்கிய பிறகு கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்ய இடம் கிடைத்தால் எக்ஸ்டர்ன்ஷிப், அது அரிது. கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது மட்டும் அப்சர்வர்ஷிப். மூன்றுக்கும் விமானக் கட்டணமும் வாடகையும் ஒன்றுதான். வித்தியாசம் கடைசியில் கையில் வரும் பரிந்துரைக் கடிதத்தில் தெரியும். "என் வார்டில் நான்கு வாரம் நோயாளிகளைப் பொறுப்பெடுத்துப் பார்த்தார், எங்கள் முதலாண்டு ரெசிடென்ட் அளவுக்குச் செய்தார்" என்று ஒரு மருத்துவர் எழுதுவதும், "நான்கு வாரம் எங்களோடு இருந்து கவனித்தார், நேரம் தவறவில்லை" என்று எழுதுவதும் ஒன்றல்ல. இரண்டாவது வகைக் கடிதத்தைத் தேர்வுக்குழு பத்து விநாடியில் ஓரம் வைத்துவிடும்.

அந்தக் கடிதத்துக்கு இவ்வளவு எடை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் மருத்துவ உரிமத்துக்கு எழுதும் யூ.எஸ்.எம்.எல்.இ. வரிசையில் முதலாவதான ஸ்டெப் 1 தேர்வு 2022 ஜனவரி 26 முதல் வெறும் பாஸ், ஃபெயில் என்று ஆகிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, நோயாளியிடம் நேரில் பேசிக் காட்டும் ஸ்டெப் 2 சி.எஸ். தேர்வையும் நிறுத்திவிட்டார்கள். ஆக, வெளிநாட்டு மாணவர் ஒருவர் அமெரிக்க வார்டில் வேலை பார்க்கக்கூடியவர்தானா என்று அறிய ஸ்டெப் 2 சி.கே. என்ற மருத்துவ அறிவுத் தேர்வின் மதிப்பெண்ணையும் அமெரிக்க மருத்துவர் எழுதிய கடிதத்தையும் விட்டால் தேர்வுக்குழுவுக்குப் பெரிய பிடிமானம் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் ரெசிடென்சி இடங்களைப் பங்கிடும் மேட்சில் இடம் கிடைத்தவர்கள் 2024லும் 2025லும் சுமார் 58 சதவீதம். நூறு பேரில் நாற்பதுக்கு மேல் வெறுங்கையோடு நின்றார்கள்.

செப்டம்பர்தான் முளைக்குச்சி

அமெரிக்க ரெசிடென்சி ஜூலை 1 வாக்கில் தொடங்குகிறது. அதற்கான மேட்ச் முடிவு மார்ச் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை. நேர்காணல்கள் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. விண்ணப்பங்களை ஈராஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியே ஆஸ்பத்திரிகள் திறந்து பார்க்கும் நாள் செப்டம்பர் கடைசி வாரம். 2024ல் அது 25, 2025ல் 24. அன்றைக்கு விண்ணப்பத்தில் கடிதம் இல்லாதவர் வரிசையில் பின்னுக்குப் போகிறார். எனவே கணக்கு செப்டம்பரிலிருந்து பின்னோக்கித்தான் ஓடவேண்டும். நம் பிள்ளைகள் இன்றைய தேதியிலிருந்து முன்னோக்கி எண்ணுவார்கள், அங்கேதான் ஒரு வருடம் நழுவும்.

இங்கே எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், அதன்மேல் ஒரு வருடம் சி.ஆர்.ஆர்.ஐ. என்கிற ஹவுஸ் சர்ஜன் காலம். ஒரு மாணவரின் ஹவுஸ் சர்ஜன் காலம் ஏப்ரலில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வருடம் செப்டம்பரில் விண்ணப்பித்தால் அடுத்த ஜூலையில் வேலை. ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போதே, அதாவது முந்தைய செப்டம்பரிலேயே விண்ணப்பிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியாது என்றில்லை. ஆனால் அதற்குள் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சி.கே. இரண்டும் முடிந்திருக்க வேண்டும்; ஓ.இ.டி. என்ற மருத்துவ ஆங்கிலத் தேர்வையும் தள்ளிப்போட முடியாது. பிறகு ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவில் பட்டச் சான்றிதழ், வெளிநாட்டில் படித்தவர் ரெசிடென்சியில் சேரத் தேவையான ஈ.சி.எஃப்.எம்.ஜி. சான்று, விசா எல்லாம் அடுக்கடுக்காக வந்தாக வேண்டும். ஒரு கையெழுத்து தாமதமானால் சீட்டுக்கட்டு சரிந்த மாதிரி. பெரும்பாலானோருக்கு முதலில் சொன்ன வழிதான் நிதானமானது. எப்படிப் போனாலும் எலக்டிவ் மட்டும் ஹவுஸ் சர்ஜன் காலம் முடிவதற்குள் நடந்தாக வேண்டும். அதற்குப் பிறகு நாம் மாணவர் இல்லை, கதவு மூடிவிடும்.

அப்படியானால் எந்த இடுக்கில் புகுவது? தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டத்திலேயே எலக்டிவ் உண்டு: மூன்றாம் எம்.பி.பி.எஸ். முதல் பகுதித் தேர்வுக்கும் இரண்டாம் பகுதி தொடங்குவதற்கும் நடுவில், தலா 15 நாளாக இரண்டு துண்டு. அமெரிக்கக் கல்லூரிகள் கேட்பது வழக்கமாக நான்கு வாரம். தவிர அந்தக் கட்டத்தில் மெடிசின், சர்ஜரி, குழந்தை மருத்துவம், மகப்பேறு ஆகிய முக்கியப் பிரிவுகள் முடிந்திருக்காது. முக்கியப் பிரிவுகள் முடிந்தவர்தான் வரலாம் என்பது அங்கே கிட்டத்தட்ட எல்லோரும் வைக்கும் நிபந்தனை. எனவே பாடத்திட்ட எலக்டிவை அமெரிக்காவுக்கென்று நம்பாமல், இங்கேயே ஒரு நல்ல ஆராய்ச்சிக்கோ வேறு துறைக்கோ பயன்படுத்திக்கொள்வது உத்தமம்.

அடுத்த இடுக்கு, இறுதித் தேர்வு முடிந்து ஹவுஸ் சர்ஜன் பணி தொடங்கும்வரை உள்ள சில வாரங்கள். பார்க்க அழகாக இருக்கும். முக்கியப் பிரிவுகள் முடிந்துவிட்டன, பட்டம் வரவில்லை, கையில் டியூட்டியும் இல்லை. சிக்கல் என்னவென்றால் அமெரிக்கப் பக்கம் நான்கு முதல் ஆறு மாதம் முன்பே தேதியை உறுதிசெய்வார்கள்; நம் பக்கம் தேர்வு அட்டவணை வருவதே தேர்வுக்குச் சில வாரம் முன்புதான். செய்முறைத் தேர்வு பத்து நாள் தள்ளிப்போனால் அங்கே வாங்கிவைத்த தேதி, கட்டிய பணம், விமானச் சீட்டு மூன்றும் போகும். கல்லூரியின் கடந்த மூன்று, நான்கு பேட்ச் எந்தத் தேதியில் செய்முறைத் தேர்வை முடித்தது, எந்தத் தேதியில் ஹவுஸ் சர்ஜன் பணிக்குச் சேர்ந்தது என்று சீனியர்களிடம் எழுதி வாங்குங்கள். அதில் மிகத் தாமதமான தேர்வுத் தேதிக்கும் மிகச் சீக்கிரமான சேரும் தேதிக்கும் நடுவே நான்கு வாரம் மிஞ்சினால்தான் இந்த இடுக்கு உங்களுக்கு.

மிஞ்சவில்லையென்றால் ஹவுஸ் சர்ஜன் காலத்துக்குள்ளேயே போக வேண்டும். அந்த ஓராண்டில் அனுமதிக்கப்படும் விடுப்பு 15 நாள். நான்கு வாரம் போனால் மீதி நாட்களைக் கடைசியில் கூடுதலாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும்; இரண்டு எலக்டிவ் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை மாதம் நீளும். ரெசிடென்சிக்கு மட்டும் போகிறவருக்கு இது பெரிய நட்டமில்லை. இங்கே மேற்படிப்புக்கான நுழைவுத்தேர்வான நீட் பி.ஜி.யையும் கையில் வைத்திருக்கிறவர், அதாவது ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்திருப்பவர், கவனிக்க வேண்டும்: நீட் பி.ஜி.க்கு ஹவுஸ் சர்ஜன் முடிக்கும் கடைசித் தேதி என்று ஒன்று உண்டு, நீட்டிப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால் ஒரு வருடம் காலி. நீட்டிப்புக்கான அனுமதியைப் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். "போயிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்று துறைத்தலைவர் வாய்வார்த்தையாகச் சொன்னது வருகைப்பதிவேட்டில் ஏறாது.

டீன் கடிதத்தில் ஒரு வரி

ஹவுஸ் சர்ஜன் காலத்தில் விண்ணப்பிப்பவர்களுக்கு அடிக்கடி விழும் அடி ஒன்று உண்டு. அமெரிக்கர்களுக்கு 'இன்டர்ன்' என்றால் பட்டம் வாங்கி வேலையில் சேர்ந்துவிட்ட முதலாண்டு மருத்துவர். நம் கல்லூரி அலுவலகம் வழக்கமான போனஃபைடு மாதிரியில் "இவர் இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். தேர்ச்சி பெற்று, தற்போது இன்டர்னாகப் பணிபுரிகிறார்" என்று தட்டிக் கொடுத்துவிடும். உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்தில் படிப்பவருக்கு 'இவர் பட்டதாரி, ஏற்கெனவே வேலையில் இருக்கிறார்' என்றுதான் அர்த்தமாகும், விண்ணப்பம் திரும்பிவிடும்.

கடிதத்தில் இருக்க வேண்டியது இது: எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டும் ஓராண்டு கட்டாயச் சுழற்சிப் பயிற்சியும் சேர்ந்தது. அந்தப் பயிற்சி படிப்பின் பகுதி. அது முடிந்த பிறகே பட்டம் வழங்கப்படும். பட்டம் வழங்கப்பட எதிர்பார்க்கப்படும் மாதம், ஆண்டு இன்னது. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை நடக்கும் எலக்டிவை அவருடைய மருத்துவக் கல்வியின் பகுதியாகக் கல்லூரி ஏற்கிறது. கடைசி வரி விசாவுக்கும் உயிர்நாடி. இதை நாமே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்தால் அலுவலகத்துக்கும் வேலை மிச்சம். இத்தனை சொல்லியும் இன்டர்ன்களை ஏற்க மாட்டோம் என்று சில இடங்கள் சொல்லும்; அங்கே வாதாடிப் பயனில்லை.

விண்ணப்பிக்கும் வழி இரண்டு. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் வி.எஸ்.எல்.ஓ. என்ற பொது வாசல் ஒன்று. நம் கல்லூரி அதில் பதிந்திருந்தால்தான் நமக்குத் திறக்கும்; டீன் அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். இல்லையென்றால் ஒவ்வொரு கல்லூரிக்கும் நேரடியாக. மேயோ கிளினிக், கிளீவ்லாந்து கிளினிக், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி போன்றவை வெளிநாட்டு மாணவருக்கென்று தனி ஏற்பாடு வைத்திருப்பதால் எல்லாக் கண்ணும் அங்கே போகிறது. பெயர் பெரிதுதான், கூட்டமும் பெரிது. ஆனால் அங்கே ரெசிடென்சி கிடைக்கும் வாய்ப்பு நம்மில் எத்தனை பேருக்கு? வெளிநாட்டுப் பட்டதாரிகள் அதிகம் சேர்வது இன்டர்னல் மெடிசினில். நியூயார்க், நியூஜெர்சி, மிச்சிகன், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களின் நடுத்தர ஆஸ்பத்திரிகளில். இரண்டு எலக்டிவ் முடியுமென்றால் ஒன்று பெயருக்கு, ஒன்று ஊருக்கு என்று பிரிப்பது நல்லது. இரண்டாவது, உங்களைப் போன்றவர்களை ஏற்கெனவே ரெசிடென்டாக வைத்திருக்கும் இடமாக இருக்கட்டும். ஆஸ்பத்திரியின் ரெசிடென்ட் பட்டியல் அவர்கள் இணையப் பக்கத்தில் படத்தோடு இருக்கும். அதில் இந்தியக் கல்லூரிப் பெயர் எத்தனை என்று எண்ணிப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

காலமும் இடத்தை மாற்றும். ஜூலை முதல் அக்டோபர் வரை அவர்கள் சொந்த மாணவர்களே எலக்டிவுக்கு முட்டிமோதுவார்கள், வெளியாட்களுக்கு இடம் குறைவு. ஜனவரியிலிருந்து மே வரை ஆள் குறைவு, கற்றுக்கொடுக்க நேரமும் இருக்கும். ஜூலை முதல் இரண்டு வாரம் புது ரெசிடென்ட்களுக்கே கணினியில் எங்கே அழுத்துவது என்று தெரியாத காலம், முடிந்தால் தவிர்க்கலாம்.

தடுப்பூசிப் படிவம்

ஆறு மாத வேலையை ஒரு வாரத்தில் முடிக்கலாம் என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான். அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரியான தடுப்பூசிப் படிவத்தைத்தான் கேட்கும். அம்மா பத்திரமாக வைத்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலைய அட்டையை அப்படியே நீட்டினால் போதாது.

ஹெபடைடிஸ் பி: மூன்று ஊசி, 0, 1, 6 மாதக் கணக்கில். அதன்பின் ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சத்து அளவு எண்ணாக வேண்டும்; 10க்கு மேல் இருந்தால் சரி. 'ரியாக்டிவ்' என்று மட்டும் போட்ட ரிப்போர்ட் செல்லாது. இன்னொன்று, லேபில் "ஹெபடைடிஸ் பி டெஸ்ட்" என்று சொன்னால் எச்.பி.எஸ்.ஏ.ஜி. செய்து கொடுத்துவிடுவார்கள். அது நோய் இருக்கிறதா என்று பார்ப்பது. நமக்கு வேண்டியது எதிர்ப்புச் சத்தைப் பார்க்கும் ஆன்டி எச்.பி.எஸ்., அதுவும் அளவை எண்ணாகச் சொல்லும் குவான்டிடேட்டிவ். இந்தச் சொல்லைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். முதலாம் ஆண்டில் கல்லூரியே போட்ட ஊசிக்குத் தேதியோடு சான்று இல்லாமல், அளவும் 10க்குக் கீழே வந்தால் மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு. முழுச் சுற்றும் திரும்பப் போட நேர்ந்தால் ஏழு, எட்டு மாதம் ஓடிவிடும். செப்டம்பருக்கு முன் எண்ணும்போது மிக நீளமான கயிறு இதுதான். அதனால்தான் விண்ணப்பத்துக்கும் முன்னால் இதைத் தொடங்கச் சொல்வது.

அம்மை வகையறா: தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றும் சேர்ந்த எம்.எம்.ஆர். இரண்டு தவணை, அல்லது மூன்றுக்கும் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புச் சத்துப் பரிசோதனை. அரசுத் திட்டத்தில் போடுவது எம்.ஆர்.; அதில் பொன்னுக்கு வீங்கி இல்லை. ஆகவே அட்டை நிறைந்திருந்தாலும் அந்த ஒரு கட்டம் காலியாக நிற்கும். சின்னம்மைக்கு நம் ஊரில் தடுப்பூசி போட்டவர் குறைவு. "சின்ன வயசுல போட்டுருச்சு, வேப்பிலை கட்டி தலைக்குத் தண்ணி ஊத்தினோம்" என்ற சாட்சியம் அங்கே எடுபடாது. ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் வந்தால் முடிந்தது. இல்லையென்றால் இரண்டு தவணை, நடுவில் நான்கு வாரம்.

டெட்டனஸ்: காயம் பட்டபோது போட்ட டி.டி. ஊசி கணக்கில் வராது. கக்குவான் சேர்ந்த டிடாப் வேண்டும், பத்தாண்டுக்குள். இது எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது, முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

காசநோய்ப் பரிசோதனையில் நம்மவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவார்கள். பி.சி.ஜி. போட்ட கையில், டிபி வார்டில் நின்ற மாணவருக்குத் தோல் பரிசோதனை வீங்கத்தான் செய்யும். அதனால் குவான்டிஃபெரான் எனப்படும் ரத்தப் பரிசோதனை செய்வது மேல், பி.சி.ஜி. அதைக் குழப்பாது. எடுத்த ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் பதப்படுத்தியாக வேண்டும் என்பதால், மாதிரி சென்னைக்குப் போகிற லேப் என்றால் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று கேட்டுக்கொண்டு அதற்கு ஒட்டிப் போய் ரத்தம் கொடுங்கள். தாமதமானால் 'இன்டிடர்மினேட்' என்று வந்து மறுபடி செலவு. பாசிட்டிவ் வந்தால் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருந்து, அறிகுறி இல்லையென்று மருத்துவர் எழுதினால் பெரும்பாலும் ஏற்பார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். எம்.எம்.ஆரும் சின்னம்மை ஊசியும் உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள். இரண்டையும் ஒரே நாளில் போடலாம். ஒரே நாளில் போடாவிட்டால் நான்கு வாரம் இடைவெளி கட்டாயம். இவற்றைப் போட்ட அடுத்த நான்கு வாரத்துக்குள் காசநோய்ப் பரிசோதனை செய்தால் முடிவு பொய்யாக நெகட்டிவ் வரலாம். எனவே முதலில் எல்லா ரத்தப் பரிசோதனையும் ஒரே நாளில், அதோடு குவான்டிஃபெரான், பிறகு குறைபட்ட ஊசிகள் என்ற வரிசை. வரிசையை மாற்றியவர்கள் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்ஷியலும் பாஸ்போர்ட்டும்

தமிழருக்கென்றே அமைந்த தொல்லை. பாஸ்போர்ட்டில் பெயர் மட்டும் போட்டு, குடும்பப்பெயர் கட்டத்தைக் காலியாக விட்டிருப்போம். அமெரிக்க விசாவில் காலிக் கட்டம் செல்லாது. நம் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்கு நகர்ந்து, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று விழும், 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். ஈ.சி.எஃப்.எம்.ஜி. பதிவில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மதிப்பெண் பட்டியலில் இன்ஷியல் முன்னால், லேப் ரிப்போர்ட்டில் இன்ஷியலே இல்லை என்று நான்கு ஆளாக நாம் நடமாட ஆரம்பித்தால் ஒவ்வொரு படியிலும் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். ஸ்டெப் 1க்குப் பதியும் முன்பே இன்ஷியலை விரித்து, அப்பா அல்லது அம்மா பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டுப் பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொண்டால் பத்து வருடத் தலைவலி போகும். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000. பிறகு லேபில் டோக்கன் போடும் பெண்ணிடமும் பாஸ்போர்ட்டைக் காட்டி எழுத்துக்கூட்டச் சொல்லுங்கள்.

விசாவுக்குப் புதுச்சேரியில் வழியில்லை. கடற்கரையில் இருப்பது பிரெஞ்சுத் துணைத் தூதரகம். அமெரிக்காவுக்குச் சென்னை அண்ணா சாலை, ஜெமினி மேம்பாலம் ஓரம். கைரேகைக்கு ஒருமுறை, நேர்காணலுக்கு ஒருமுறை. எலக்டிவுக்குப் பொருந்துவது பி1 என்ற தற்காலிக வருகை விசா. வெளிநாட்டு மருத்துவ மாணவர், அமெரிக்க மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில், சம்பளம் இல்லாமல், தன் படிப்பின் ஏற்கப்பட்ட பகுதியாகச் செய்யும் கிளார்க்‌ஷிப்பை அமெரிக்க விசா விதி பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. டீன் கடிதத்தின் கடைசி வரி இங்கேதான் வேலை செய்கிறது. அழைப்புக் கடிதத்தில் தேதி, சம்பளமில்லை என்ற சொல், பிரிவு மூன்றும் இருக்கட்டும். அதிகாரி கேட்பதற்குச் சுருக்கமாக, உள்ளதைச் சொல்லுங்கள்: நான்கு வாரம் எலக்டிவ், முடித்துத் திரும்பிப் பயிற்சிக் காலத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். "டிரெயினிங்", "வேலை" என்ற சொற்கள் வேறு விசாவின் சொற்கள். பழக்கதோஷத்தில் வாயில் வந்தால் வீண் சந்தேகம். ரெசிடென்சிக்கு விண்ணப்பிப்பீர்களா என்று நேராகக் கேட்டால் மறைக்கவும் வேண்டாம். விமான நிலையத்தில் எத்தனை நாள் தங்க அனுமதி தந்தார்கள் என்பது ஐ-94 பதிவில் இருக்கும். வெளியே வந்ததும் அதைப் பாருங்கள், விசாவின் கடைசித் தேதி வேறு, அது வேறு.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். மருத்துவத் தவறுக்கான காப்பீடு, ஒரு சம்பவத்துக்குப் பத்து லட்சம் டாலர், மொத்தம் முப்பது லட்சம் என்பது வழக்கமான கேட்பு. நம் கல்லூரிகள் வைத்திருப்பதில்லை. படிவத்தில் 'கல்லூரி காப்பீடு தருகிறது' என்ற கட்டத்தில் அலுவலகம் தெரியாமல் டிக் அடித்துவிடாமல் பார்த்துக்கொண்டு, தனியே வாங்குங்கள். உடல்நலக் காப்பீடு வேறு. பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். என்ற அவசர உயிர்காப்புப் பயிற்சிச் சான்று அமெரிக்க இதயச் சங்கத்தினுடையதாக இருக்கட்டும். கட்டணம் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து பல ஆயிரம் டாலர் வரை இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு இடம் பிடித்துத் தரும் ஏஜென்ட்களிடம் மூன்றைக் கேளுங்கள்: இது எந்த மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி? என்னை மேற்பார்க்கும் மருத்துவர் ரெசிடென்ட்களுக்குக் கற்றுக்கொடுப்பவரா? கடிதம் ஆஸ்பத்திரித் தாளிலா, கிளினிக் தாளிலா? முதல் கேள்விக்கே "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல தம்பி" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம். தனியார் கிளினிக்கில் நோயாளியைத் தொடும் வேலை பி1 விசா விதிக்குள் அடங்காது என்பதும் அவர்கள் சொல்லாத விஷயம்.

வார்டில்

நம் வார்டில் கேஸ் சொல்வது பரீட்சைக்கான பழக்கம்: பெயர், வயது, ஊர், தொழில், பிறகு தலை முதல் கால் வரை. அங்கே ஆரம்பம் ஒரே வாக்கியம். "சர்க்கரையும் பழைய மாரடைப்பும் உள்ள 62 வயது ஆண், மூன்று நாளாக மூச்சுத்திணறலோடு வந்தவர், இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சையில் இரண்டாம் நாள்." அதன்பின் இரவில் என்ன நடந்தது, இன்றைய எடை, சிறுநீர் அளவு, ரத்த முடிவுகளில் மாறியது மட்டும். பாதி நேரம் கடைசிப் பகுதிக்குப் போக வேண்டும்: ஒவ்வொரு பிரச்சினையாக, என்ன நினைக்கிறீர்கள், இன்று என்ன செய்யலாம். பிஸ்ஃபெரியன்ஸ் பல்ஸ் (இரட்டைத் துடிப்பு நாடி) என்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்த நம் மாணவர், "உன் யோசனை என்ன?" என்றதும் "நீங்க சொல்றபடி சார்" என்று நிற்பதுதான் அதிகம் நடக்கும் சறுக்கல். தவறான யோசனைக்குக் கோபப்பட மாட்டார்கள். யோசனையே இல்லாததைக் குறித்துவைப்பார்கள். தெரியாததற்கு "தெரியவில்லை, படித்துவிட்டு மதியம் சொல்கிறேன்" என்று சொல்லி, மதியம் உண்மையிலேயே சொன்னால், கடிதத்தில் எழுத அவருக்கு ஒரு சம்பவம் கிடைத்துவிடும்.

ரவுண்ட்ஸ் எட்டு மணிக்கு என்றால் மாணவர் ஆறரைக்கே தன் நோயாளிகளைப் பார்த்து முடித்திருப்பார். இன்னொரு பழக்கத்தை மீனம்பாக்கத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்: எக்ஸ்ரே, ஈசிஜி, புண் எதையும் போனில் படமெடுத்து வாட்ஸாப் குழுவில் போடுவது. இங்கே அது அன்றாடம். அங்கே நோயாளி ரகசியச் சட்டப்படி அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், உங்கள் கல்லூரியிலிருந்து அடுத்து வரும் மாணவருக்கும் சேர்த்தே கதவை மூடுவார்கள்.

கடிதம் கேட்கும் நேரம் மூன்றாவது வாரம். கடைசி நாள் மாலை லிஃப்ட் வாசலில் வைத்துக் கேட்பது நாகரிகமும் இல்லை, பயனும் இல்லை. அந்த மருத்துவருக்கு அடுத்த திங்கள் வேறு மாணவர் வந்துவிடுவார். "எனக்காக வலுவான கடிதம் எழுத முடியுமா?" என்று 'வலுவான' என்ற சொல்லோடு கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்; தயங்கி எழுதிய கடிதம் கெடுதலே செய்யும். ஒப்புக்கொண்டால் உங்கள் விவரக்குறிப்பையும், நீங்கள் பார்த்த நோயாளிகளைப் பற்றி அரைப்பக்கம், பெயரில்லாமல், எழுதிக் கொடுங்கள்.

கடிதம் உங்கள் கைக்கு வராது. எழுதியவரே ஈராஸ் தளத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு உங்கள் பக்கத்திலிருந்து ஒரு கடித எண் உருவாக்கிக் கொடுக்க வேண்டும். அந்த எண் ஜூன் மாதம் அந்தப் பருவம் திறந்த பிறகுதான் வரும். ஜனவரியில் எலக்டிவ் முடித்தவர் அதுவரை சும்மா இருந்தால் மருத்துவருக்கு முகம் மறந்துவிடும். நினைவு சூடாக இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லி, ஜூனில் எண்ணை அனுப்பி, ஜூலை நடுவில் ஒரு நினைவூட்டல், ஆகஸ்டில் அவருடைய செயலாளருக்கு ஒன்று. பெரும்பாலான ஏற்றங்களைச் செய்வது அந்தச் செயலாளர்தான், அவருடைய மின்னஞ்சலைக் கிளம்பும் முன்பே வாங்கி வந்திருக்க வேண்டும். ஏற்றிவிட்டார்கள் என்று திரையில் காட்டினாலும் வேலை முடியவில்லை. ஒரு ஆஸ்பத்திரிக்கு நான்கு கடிதம் வரை. எந்தக் கடிதம் எந்த ஆஸ்பத்திரிக்கு என்று ஒவ்வொன்றாக நாமே ஒதுக்கிக் கொடுத்தால்தான் அது அவர்கள் கண்ணில் படும். நூறு ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பித்தவர் அன்றிரவு நூறு முறை அந்தப் பக்கத்தைத் திறந்து சரிபார்க்க வேண்டியிருக்கும்.